பூட்டு என்பது ஓர் உருவகம்

புரட்சி செய்தவர்களில் பெரும்பாலோர் செய்த ஒரே பிழை, தேதியை முன்கூட்டியே அறிவிக்காததுதான். அந்த வரலாற்றுப் பிழையைத் திருத்திய பெருமை எங்கள் ராக் இசைக்குழுவையே சேரும். நாங்கள் புரட்சியை வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வைத்துக்கொண்டோம். நுழைவுச்சீட்டு உண்டு.

குழுவில் நான் பேஸ் கிட்டார். நான் வாசிப்பது யாருக்கும் கேட்காது. நிறுத்தினால்தான் 'என்னவோ குறையுதே' என்பார்களாம். ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அன்றே எனக்குக் 'கொள்கை பரப்புச் செயலாளர்' என்ற கூடுதல் பொறுப்பு வழங்கப்பட்டது.

எங்கள் முதல் ஆல்பம் காதலைப் பற்றியது. நாற்பத்தொரு பேர் கேட்டார்கள். பத்தொன்பது பேர் என் மாமனார் வீட்டார். மீதிப் பேர் கை தவறி அழுத்தியவர்கள். ஆகவே இரண்டாவது ஆல்பத்துக்கு விளம்பர ஆலோசகர் ஒருவரை அமர்த்தினோம். முன்பு பற்பசைக்கு வேலை பார்த்த அம்மையார். பாட்டுகளைக் கேட்காமலேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

“உங்க பாட்டுல ஒரு பிரச்சினையும் இல்ல. அதான் பிரச்சினை. யாரையாவது எதிர்க்கணும்.”

டிரம்ஸ்காரர் வீட்டு மொட்டைமாடியில், காய்ந்துகொண்டிருந்த வேட்டிகளுக்கு நடுவே, அவசரக் கூட்டம் கூடியது.

“அரசாங்கத்தை எதிர்ப்போமா?” என்றார் பாடகர்.

“எனக்கு அடுத்த மாசம் பதவி உயர்வு வருது” என்றார் டிரம்ஸ்காரர். பகலில் அவர் அரசு அலுவலக எழுத்தர்.

“சரி, முதலாளிகளை?”

“நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் யாருன்னு நெனச்சீங்க?” என்றார் ஆலோசகர்.

“ஆணாதிக்கம்?”

“அதுக்கு நான் வீட்டுல கேக்கணும்” என்றார் கீபோர்டுக்காரர்.

சபையில் சோகம் சூழ்ந்தது. அப்போது ஆலோசகரின் பார்வை மாடிக் கதவில் தொங்கிய பூட்டின் மேல் விழுந்தது.

“பூட்டு! பூட்டை எதிர்ப்போம். அதுக்குச் சங்கம் கிடையாது. வக்கீல் கிடையாது. திருப்பித் திட்டவும் திட்டாது.”

'பூட்டை உடை' என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஒரே வாரத்தில் ஊரெங்கும் சுவரொட்டி. உடைந்த பூட்டு, இரண்டு சொல், வேறெதுவும் இல்லை. எங்கள் பெயர்கூட இல்லை, அதுதான் உத்தி. தொலைக்காட்சியில் நான்கு நிபுணர்கள் அமர்ந்து 'எந்தப் பூட்டு?' என்று ஒரு மணி நேரம் அலசினார்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சியின் சதி என்றது. எதிர்க்கட்சி, மக்கள் எழுச்சி என்றது. பூட்டுக் கடைக்காரர்கள் மட்டும் எதுவும் பேசாமல் வியாபாரத்தைக் கவனித்தார்கள். ஒன்பதாம் நாள், அந்த எழுச்சி நாங்கள்தான் என்று வீடியோ வெளியிட்டோம். வைரல் என்றால் அப்படியொரு வைரல்! பக்கத்துத் தெரு வாலிபர்கள் என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிகரெட்டை மறைத்தார்கள்.

அடுத்து, வாசகம் பொறித்த டி-ஷர்ட். என் அக்கா வேலை பார்க்கும் அச்சுப் பட்டறையிலேயே ஆர்டர் கொடுத்தேன். குடும்பப் பாசம். ஐயாயிரம் சட்டை, புதன்கிழமைக்குள் வந்தாக வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தேன்.

புதன் மதியம் நான் ஒரு வானொலிப் பேட்டியில் இருந்தேன். பாட்டு இடைவேளையில் அக்காவின் அழைப்பு.

“தம்பி, உன் ஆர்டர் முடியாம யாரும் வெளிய போகக் கூடாதுன்னு முதலாளி முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் பூட்டிட்டுச் சாப்பிடப் போயிட்டாரு. மை நெடி தாங்கல. ஒரு பொண்ணு மயங்கி விழுந்துட்டா. அவரு எங்க போனை எடுக்கல. நீ ஒரு வார்த்தை சொல்லுடா, உடனே திறப்பாரு.”

“அக்கா, நான் இப்போ சுதந்திரத்தைப் பத்திப் பேசிட்டு இருக்கேன். முடிச்சிட்டுக் கூப்பிடறேன்.”

சுதந்திரம் நீண்ட தலைப்பு. நான் முடிப்பதற்குள் இருபத்தெட்டுப் பெண்கள் மேசையின் இரும்புக் காலைக் கழற்றி, பின்கதவின் தாழ்ப்பாளைப் பூட்டோடு பெயர்த்துவிட்டார்கள். கைகள் கிழிந்து ரத்தம். மயங்கியவளைத் தோளில் தாங்கி முதலில் வெளியே வந்தவள் அக்கா. எதிர்க் கடைத் தையல்காரர் அதைப் படம் பிடித்துப் போட்டார். மாலைக்குள் எங்கள் வீடியோவைத் தாண்டிவிட்டது. அதற்குள் இருபத்தெட்டுப் பேருக்கும் வேலை போயிருந்தது.

மறுபடியும் அவசரக் கூட்டம்.

“நம்ம வாசகம் அது! உடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டாங்களா?” என்று பாடகர் கொதித்தார்.

“அதுவும் நிகழ்ச்சிக்கு ரெண்டு நாள் முன்னாடியே உடைச்சிருக்காங்க” என்றார் ஆலோசகர்.

மறுநாள் அக்கா வீட்டுக்கு வந்தாள். இரண்டு கையிலும் கட்டு. காப்பி டம்ளரை மணிக்கட்டுகளால் இடுக்கிப் பிடித்திருந்தாள்.

“பெருசா ஒண்ணும் வேணாம்டா. நாளைக்கு மேடையில ரெண்டு வார்த்தை. ‘இவங்கள வேலைக்குத் திரும்பச் சேர்த்துக்கங்க, இனிமே ஆளுங்கள வெச்சுப் பூட்டாதீங்க.’ அவ்வளவுதான். நீங்க சொன்னா அவரு கேப்பாரு.”

படித்தவன் என்ற முறையில் விளக்க வேண்டியது என் கடமை. “அக்கா, நாங்க சொல்றது நெஜப் பூட்டு இல்ல. அது ஒரு உருவகம்.”

அக்கா தன் கைகளைப் பார்த்தாள். “உருவகம் இப்படியாடா கிழிக்கும்?”

குழுவில் கலந்து பேசிச் சொல்வதாக அனுப்பிவைத்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கொள்கை பரப்புச் செயலாளருக்கு இது இழுக்கு என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடாமலேயே உட்கார்ந்து அறிக்கை எழுதினேன்: 'பூட்டு என்பது ஓர் உருவகம். ரசிகப் பெருமக்கள் அதை நேரடியாக உடைக்க வேண்டாம் என அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' மிக முதிர்ச்சியான அறிக்கை என்று ஸ்பான்சர் பாராட்டினார்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. வாசல் பொறுப்பு என்னுடையது. காவலாளியிடம், பூட்டை உடைக்கிறவர்கள் யாரையும் உள்ளே விடக் கூடாது என்றேன்.

அவர் குழம்பினார். “சார், உள்ள இருக்கிற எல்லாருமே அதைத்தான் கத்துறாங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“கத்துறவங்க பரவாயில்ல. கையில கட்டுப் போட்டிருந்தா விடாதீங்க.”

பத்திரிகையாளர்கள் என்னைச் சூழ்ந்து, ஒடுக்கப்பட்டவர்களோடு எங்கள் குழுவுக்கு உள்ள உறவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“சார், கேட்டுல ஒரு அம்மா. கையில கட்டு. நிறுத்திட்டேன். உங்க அக்கான்னு சொல்றாங்க.”

எல்லா மைக்குகளும் என் பக்கம் திரும்பின. நான் புன்னகைத்தேன்.

“பாருங்க, ரசிகர்கள் எங்க மேல வெச்சிருக்கிற பாசம்!”