தலைக்குள் மாட்டிக்கொண்ட பதினாறு இலக்கம்

என் சிட்டுக்குட்டிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று கை தானாக எழுதிவிட்டது, அடித்துவிட்டேன். நீ கண்ணை மூடி நாலு மாசம் ஆச்சு, உன்னிடம் போய் நலம் கேட்கிறேன் பார். நான் நலமாக இல்லை. பயந்து செத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் தைக்கிற மூக்குக்கண்ணாடி உறைகளை விற்கக் கம்ப்யூட்டரில் கடை போட்டுக் கொடுத்தாயே, அதில் கார்டில் பணம் கட்டுகிற இடத்தில் "விரைவில்" என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாய். வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். நீ திறந்ததை நான் மூடினால் எனக்குச் சோறு இறங்குமா? அதனால் நானே முடிக்கிறேன் என்று இறங்கினேன். அஞ்சாவதோடு நின்றவளுக்கு இது தேவையா என்று சிரிக்காதே.

அதற்குள் ஒரு டீச்சரம்மா போன் பண்ணினார். பன்னிரண்டு உறை வேண்டுமாம். "கார்டு நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க" என்று முன்பக்கம் பதினாறு, பின்பக்கம் மூன்று, எல்லாவற்றையும் ஒப்பித்தார். நான் வழக்கம்போல வெட்டுகிற மேசையில் சாக்பீஸால் எழுதி, "எழுதிக்கிட்டேன்" என்றேன். அதன் மேலேயே துணியை விரித்து வெட்டித் தைத்தும் விட்டேன். மறுநாள்தான் இதை வைத்து என்ன செய்வது என்று கார்டுப் பணத்தை வாங்கித் தருகிற கம்பெனிக்குப் போன் போட்டேன். உன் வயசுப் பெண் ஒருத்தி எடுத்தாள்.

"அய்யோ அம்மா! கார்டு நம்பரை நீங்க பார்க்கவே கூடாது. வாங்குறவங்களே எங்க இணையப் பக்கத்துல அடிப்பாங்க, அது பூட்டுப் போட்டு பேங்குக்குப் போயிடும். பணம் வந்துச்சுன்னு மட்டும் உங்களுக்குச் சொல்லுவோம். முதல்ல அதை அழிங்க. வேற யார் கண்ணுலயாவது பட்டா கார்டுக்காரங்க பணம் போயிடும், பழி உங்க கடை மேல."

மேசையைத் துடைத்தேன். வெட்டி மிஞ்சிய துணியைத் திருப்பினால் அதில் நம்பர் இடம் வலமாக மாறி ஒட்டியிருக்கிறது! துவைத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அந்தத் துணியில் தைத்த ஒரு உறையைக் காலையில்தான் தெருமுனைக் கண்ணாடிக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய், அத்தனை பேர் நடுவில் உறையைப் பிடுங்கி உள்ளே வெளியே திருப்பினேன். "என்னக்கா, பூச்சி ஏதாவது இருக்கா?" என்றான் கடைக்காரன். "ஆமாப்பா, பதினாறு கால் பூச்சி" என்று சொல்லி, அதையும் கொண்டுவந்து துவைத்தேன்.

கம்பெனிப் பெண் மறுபடி போனில் கேட்டாள், "எல்லாம் அழிச்சாச்சாம்மா?"

"மேசையில இல்லை, துணியில இல்லை. தலைக்குள்ளதான் இருக்கு."

உனக்குத் தெரியுமே, எனக்கு ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். "சத்தமா மட்டும் சொல்லிடாதீங்கம்மா" என்றாள். அன்றிலிருந்து வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. பஸ்ஸில் கண் அசந்துவிட்டு, திடுக்கிட்டு எழுந்து பக்கத்துச் சீட்டு அம்மாவிடம் "நான் ஏதாவது சொன்னேனா?" என்று கேட்டேன். அவர் எழுந்து முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் ரகசியச் சாவி என்று எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஏதோ திரையில் காட்டினார்கள், யாருக்கும் காட்டக் கூடாதாம். காதில் விழாததால் அது தலையில் நிற்கவில்லை; காகிதத்தில் எழுதி, ஒரு உறைக்குள் போட்டு, வாயை இரட்டைத் தையல் போட்டு மூடினேன். "இப்ப அந்தச் சாவியை அடிங்கம்மா" என்றாள். பிரிக்கவே அரைமணி நேரம். அவள் பாவம், லைனிலேயே இருந்தாள்.

எப்படியோ முடிந்தது. "விரைவில்" என்பதை நானே அழித்தேன். நீ கடைசியாக எழுதி வைத்த வார்த்தை அது. மேசை துடைத்த கைக்கு அதை அழிக்க மனசு வரவில்லை, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்கே இருந்தாலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
வாயைப் பொத்திக்கொண்டிருக்கும் உன் அக்கா

பி.கு.: டீச்சரம்மா இன்று நம் கடையிலேயே கார்டில் கட்டிவிட்டார். முதல் ஆள்! மனசு கேட்காமல் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். "அந்தக் கார்டா? நீங்க 'எழுதிக்கிட்டேன்'னு சொன்னதுமே எனக்கு பக்குனு ஆயிடுச்சு. அன்னைக்கே பேங்குல சொல்லி மாத்திட்டேன். பழசு செல்லாதும்மா" என்றார். செல்லாத நம்பருக்காகவா இவ்வளவு நாள் செத்தேன்? ஆனாலும் அது தலையை விட்டுப் போகவில்லை. அதற்குப் பக்கத்திலேயே உன் போன் நம்பரும் இருக்கிறது. இப்போதுகூட விரல் அதில்தான் நிற்கிறது. அடிச்சா எடுப்பியாடி?