மாப்பிள்ளை அனுப்பிய ரீலும் முத்துச்சாமியின் வெள்ளைத் துண்டும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை கண்ணன் அவர்களுக்கு,

நான் கேட்ட தூண்டிலையே நீங்கள் வாங்கி அனுப்பியது பெரிய தவறு. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதை விசாரிக்கலாம் என்று இருக்கிறேன். இங்கே எனக்கும் உங்கள் அத்தை ஒச்சம்மாளுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. என் முழங்காலுக்கு உண்டு, அது உங்களுக்கே தெரியும். அமெரிக்காவில் நீங்களும் என் மகள் சுகன்யாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். எங்கள் வம்சத்தில் மாப்பிள்ளையைக் குறை சொன்னவர் எவரும் கிடையாது. வேறு வழியில்லாமல் நான் ஆரம்பித்து வைக்கிறேன். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

நம் கண்மாயில் தண்ணீர் வற்றுகிற மாதத்தில் மீன்பிடித் திருவிழா நடப்பதை நீங்கள் மறந்திருக்கலாம் என்பதால் சொல்கிறேன். கரையில் சாமி கும்பிட்டு, சூடம் காட்டி முடித்த பிறகு ஊர்ப் பெரியவர் முத்துச்சாமி வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒரு ஆள் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வீசியதும் நத்தம், சாணார்பட்டி வரைக்கும் உள்ள சனம் இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் இறங்கும். பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும். நாற்பத்தொரு வருடம் நான் ஊத்தாவோடு இறங்கியவன். அடியில்லாத அந்தக் கூடையைச் சேற்றில் கவிழ்த்து, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டேன் என்றால் வெறுங்கையோடு எடுத்தது கிடையாது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு சேற்றில் காலே வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீன் பிடிக்காத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் குழம்பு கொடுத்தனுப்புவது ஊர் வழக்கம். போன வருடம் நம் வீட்டுக்கு ஐந்து வீட்டுக் குழம்பு வந்தது. ஐந்தையும் உங்கள் அத்தை சாப்பிட்டாள். நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் சனிக்கிழமை தோறும் ஏரிக்கரையில் நின்று பாஸ் என்கிற மீனைப் பிடித்து, அதன் கீழ் உதட்டைப் பிடித்துத் தூக்கிப் படம் எடுத்து அனுப்புகிறீர்கள். பிறகு அதைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறீர்களாம். இந்தப் பழக்கத்தை உங்கள் அத்தையிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நம் ஊரில் பாஸ் கிடையாது, ஆனால் விரால் உண்டு. அதுவும் பாசிக்கு அடியில் கிடந்து, தவளையைக் கண்டால் பாய்கிற சாதிதான். ஆகவே கரையில் நின்றபடியே வீச எது தோது என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் வீடியோவில் இரண்டு விதத் தூண்டிலையும் காட்டி, “புதுசாப் பழகுறவுகளுக்கு ஸ்பின்னிங்தான் மாமா. ஆறரை அடி ராடு, நடுத்தரமா இருக்கணும். தூண்டி நரம்பு சுத்துற ரீலு கீழ தொங்கும், ஒரு தொந்தரவும் இல்ல” என்றீர்கள். கீழே தொங்குவதற்கு அது என்ன வௌவாலா என்று நான் கேட்டேன். ரீல் மேலே உட்கார்ந்திருக்கிற ஏழடி ராடு, அதிலும் கனமானது, அதுதான் வேண்டும் என்றேன். மேலே இருப்பதற்குக் கட்டைவிரல் பழக வேண்டும், வீசும்போது விரலால் அமுக்கிப் பிடிக்காவிட்டால் உருளை முந்திக்கொண்டு நரம்பு சிக்கிவிடும் என்று நீங்கள் சொன்னது உண்மைதான். நான்கு கிணற்றுக்கு வடம் விட்ட கட்டைவிரலுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதும் உண்மைதான். உடனே நீங்கள், “சரி மாமா” என்றீர்கள். இந்த இடத்தில்தான் உங்கள் தவறு இருக்கிறது. விவரம் தெரிந்தவர் நீங்கள், தெரியாதவன் நான். மாமனார் பேச்சைத் தட்டாத மரியாதை பந்தியில் இருக்கலாம், ரீல் விஷயத்தில் இருக்கலாமா?

பார்சல் வந்தது. நாற்பது வீடியோ பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ் என்பதால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே ஏழு சுற்றுச் சுற்றுவது எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்தில் பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு திருகு இருந்தது. அது பிரேக் என்று போனில் சொன்னீர்கள். ஓடுகிற வண்டிக்கு எவனாவது பிரேக் போட்டுக்கொண்டே இருப்பானா? பூஜ்யத்தில் வைத்தேன். மக்காச்சோளம் அறுத்த காட்டில் நின்று நரம்பு நுனியில் இரையாகக் கட்டிய ரப்பர் தவளையை வீசினேன். தவளை என் காலடியில் விழுந்தது, ரீலில் நரம்பு காக்கைக் கூடு மாதிரி பொங்கி நின்றது. முப்பது வருடம் மல்லிகை கட்டிய விரல் என்பதால் உங்கள் அத்தை கொண்டை ஊசியை வைத்து ஒன்றரை மணி நேரத்தில் சிக்கெடுத்தாள். மறுநாளும் எடுத்தாள். மூன்றாம் நாள், “ஏங்க, மீனு புடிக்கப் போறீகளா, சிக்கெடுக்கப் போறீகளா? மாப்ள சொன்னதக் கேட்டா என்ன?” என்றாள். மாப்பிள்ளை சொன்னது ஒன்று, வாங்கி அனுப்பியது ஒன்று, இதில் நான் எதைக் கேட்பது என்றேன்.

திருவிழா அன்று காலை ஆறு மணிக்கே மடைக்குப் பக்கத்தில் கரையில் இடம் பிடித்துவிட்டேன். ஊத்தாவும் வலையுமாக இரண்டாயிரம் பேர் நின்ற இடத்தில் ராடு என்னிடம் மட்டும்தான். கரண்டு கம்பத்துக்குக் கொக்கி போட வந்திருக்கிறாரா என்று ஒருவன் கேட்டான். எனக்குப் பின்னால் பத்தடியில் முத்துச்சாமி, வீச வேண்டிய வெள்ளைத் துண்டை இடது கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, பூசாரி சூடம் ஏற்றுவதற்காகக் காத்திருந்தார். காற்றில் தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது. சும்மா நிற்கிற நேரத்தில் கையைத் தளர்த்திக்கொள்ளலாம் என்று ராடைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் ஒரு வீச்சு வீசினேன். மாப்பிள்ளை, அந்தத் தவளைக்கு வயிற்றடியில் இரண்டு கொக்கி இருக்கிறதே, அது எதற்கு? அது முத்துச்சாமியின் துண்டைக் கவ்வி, என் தலைக்கு மேலாகக் கொண்டுபோய், கண்மாய்க்குக் குறுக்கே முப்பது கஜம் பறக்கவிட்டது. அவ்வளவு தூரம் நான் அதுவரை வீசியதே இல்லை. வெள்ளைத் துண்டு பறந்ததைப் பார்த்த இரண்டாயிரம் பேரும் இறங்கிவிட்டார்கள். பூசாரி கையில் ஏற்றாத சூடத்தோடு நின்றார். முத்துச்சாமி வெறும் கையை நீட்டியபடி நின்றார்.

இதோடு முடிந்திருந்தால் நான் கடிதம் எழுத மாட்டேன். துண்டு பாசிக்குள் விழுந்து துடித்தது. நத்தத்திலிருந்து வந்த பீர் முகமது என்பவர் அதன் மேல் ஊத்தாவைக் கவிழ்த்துக் கையை விட்டார். துண்டோடு சேர்ந்து ஒன்றரைக் கிலோ விரால் வந்தது. கொக்கி அதன் உதட்டில் இருந்தது, உடம்பு துண்டுக்குள் சுற்றியிருந்தது. நரம்பு என்னுடையது, ஆகவே மீன் என்னுடையது என்றேன். துண்டு தன்னுடையது என்றார் முத்துச்சாமி. கரையிலேயே கூட்டம் போட்டார்கள். பீர் முகமதுவின் ஊத்தாவைச் சாட்சிக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். “எனக்கு மீனும் வேணாம், துண்டும் வேணாம். ஊத்தாவக் குடுங்கய்யா, நான் செத்த நேரம் மீன் புடிச்சுக்கிறேன்” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சூடம் காட்டும் முன் மீன் பிடிக்க மனிதன் எவனுக்கும் உரிமை இல்லை, துண்டு மனிதன் இல்லை, ஆகவே மீன் துண்டைச் சேரும் என்று தீர்ப்பு. அடுத்த வருடம் முதல் கரையில் ராடு கூடாது என்றும் முடிவு செய்தார்கள். சேற்றில் இறங்கக் கூடாத நான் கரையிலும் நிற்கக் கூடாது என்றால், இனி செத்தாலும் என் கையால் மீன் கிடையாது.

அன்று இரவே முத்துச்சாமி வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளியில் குழம்பு வந்தது. அதே விரால். இன்றோடு மூன்று நாளாகப் பிரிட்ஜில் இருக்கிறது. அதைச் சாப்பிட்டால் அவர் கொடுத்ததைச் சாப்பிட்டவன் ஆகிவிடுவேன்.

ஆகவே நடக்க வேண்டியவை. நரம்பில் வந்த மீன் நரம்புக்காரனுக்கே சேரும் என்றும், மாமனாருக்குத் தவறான ராடு அனுப்பியது நான்தான் என்றும் நீங்கள் கைப்பட எழுதி முத்துச்சாமிக்கு அனுப்ப வேண்டும். சுகன்யா அவள் அம்மாவுக்குப் போன் செய்து, அந்தத் தூக்குவாளியைத் திறக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும். பூசாரி அடுத்த வருடம் நல்ல தீப்பெட்டி கொண்டுவர வேண்டும். ஊர்க் கூட்டம் பீர் முகமதுவின் ஊத்தாவைத் திருப்பித் தர வேண்டும். முத்துச்சாமி அந்தக் குழம்பு என் மீனில் வைத்தது என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

பதினாறு செல்வமும் பெற்று நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் வருத்தமும் மரியாதையும் மாறாத மாமனார்,
மலைச்சாமி

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் முத்துச்சாமி தூக்குவாளியை வாங்க வந்துவிட்டார். மூலையில் இருந்த ராடைச் செத்த நேரம் பார்த்துவிட்டு, “கொண்டா பாப்போம்” என்று வாங்கித் தெருவில் நின்று ஒரு வீச்சு வீசினார். தவளை எதிர்வீட்டு டிஷ் ஆண்டெனாவில் போய் உட்கார்ந்தது. அதை எடுக்கும் வரைக்கும் சிரித்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கத்தில் வந்து, “மீனு ஒன்னுதுதான்யா. கூட்டத்துல நானே சொல்லிர்றேன். கரையில நாம ரெண்டு பேரும் நிப்போம். ஒம் மாப்ளைட்டச் சொல்லி எனக்கும் ஒண்ணு வரவழை” என்றார். குழம்பை ஒச்சம்மாள் சுட வைத்துக்கொண்டிருக்கிறாள். புதிதாகப் பழகுகிறவருக்கு ரீல் கீழே இருப்பதுதான் நல்லது, ஆறரை அடி போதும் என்று அவரிடம் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். மேலேதான் இருக்க வேண்டுமாம், எட்டடி வேண்டுமாம். நீங்களும் போனில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால், பெரியவர் பேச்சைத் தட்டாமல் அதையே வாங்கி அனுப்பவும்.