செங் ஹோவின் கப்பலில் ஒரு எம்.சி.

"ஏங்க, இன்னும் மேல் மாடி பாக்கலியே?" என்று கமலவேணி கேட்டபோது, அவள் கணவன் காளிமுத்து தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான்.

வாசலில் அவனுடைய சூப்பர்வைசர் சுகுமாரன்! பினாங்கு விருந்தாளிகள் இருவருக்கு, சீனக் கடலோடி செங் ஹோவின் மியூசியத்தைச் சுற்றிக்காட்ட வந்திருந்தார். காளிமுத்துவோ காய்ச்சல் என்று கிளினிக்கில் எம்.சி. என்னும் மருத்துவச் சான்றிதழ் வாங்கி லீவு போட்டவன். "இன்னொரு பொய் எம்.சி. எடுத்தே, வேலை காலி" என்று சுகுமாரன் போன மாதம்தான் எச்சரித்திருந்தார்.

"வேணி, பின்வாசல் வழியா போயிடலாம், வா."

"பக்கத்துலயே பாச்சாங்ல குடும்பம் நடத்திக்கிட்டு இதை ஒருநாள் பாத்ததில்ல. முழுசும் பாக்காம நகரமாட்டேன்லா."

அவள் சொன்னால் சொன்னதுதான். தூண் ஒல்லி, காளிமுத்து அப்படியில்லை. பக்கத்தில் கப்பல் தளம் போல ஒரு மேடையில் வியாபாரிகளின் மெழுகுப் பொம்மைகள் மிளகு மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தன. மனைவியின் துப்பட்டாவைப் பிடுங்கித் தலையில் சுற்றிக்கொண்டு கயிற்றைத் தாண்டினான். பூப்போட்ட முண்டாசை மூக்குவரை இறக்கியிருந்த ஒரு பொம்மையின் அருகே சம்மணமிட்டான்.

சுகுமாரன் நேராக அங்கேதான் வந்தார்.

"மழையில கடற்கரைக்குப் போக முடியல, அதான் இங்க கூட்டிட்டு வந்தேன். மேனேஜர் நிவேந்திரன் சார் வந்திருக்கணும். பாவம், வயித்துப்போக்கு."

"இந்தப் பொம்மைக்கு வேர்க்குதே?" என்றார் ஒரு விருந்தாளி.

"ஏர்கோன் பத்தலலா. மெழுகு உருகுது." சுகுமாரன் உற்றுப் பார்த்தார். "அசல் நம்ம காளிமுத்து ஜாடை! பாவம், காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேப்போம்."

அவர் எண்ணை அழுத்த, காளிமுத்துவின் போன் கமலவேணியின் கைப்பையில் அலறியது. அவள் அடுத்த அறைக்கு ஓடி எடுத்தாள்.

"போர்வைக்குள்ள நடுங்கிட்டு இருக்காருங்க!"

அந்தக் குரல் கூடமெங்கும் எதிரொலித்தது. சுகுமாரன் போனை ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். "ரெண்டு ரெண்டா கேக்குது. பாச்சாங்ல லைன் மோசம்."

துப்பட்டாவின் பவுடர் வாசனை காளிமுத்துவின் மூக்கில் ஏறியது. வேலை போனால் மகளின் படிப்பு என்னாகும் என்று நினைத்துப் பல்லைக் கடித்தான். விருந்தாளிகள் படியேறத் திரும்பிய நேரம் பார்த்துத் தும்மல் வெடித்தது.

"யாரு?" என்று சுகுமாரன் சட்டென்று நின்றார்.

கமலவேணி பாய்ந்து வந்து இன்னும் இரண்டு தும்மல் போட்டாள். "சாரி சார், எனக்குத்தான் சளி."

முன்பின் பார்த்திராத அந்த அம்மாளிடம் "உடம்பப் பாத்துக்குங்கக்கா" என்று பரிவோடு சொல்லிவிட்டு அவர் மாடியேறிப் போனார்.

அப்பாடா, பிழைத்தோம் என்று காளிமுத்து எழ முயன்றான். பக்கத்துப் பொம்மை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"உக்காரு காளிமுத்து," என்று பூப்போட்ட முண்டாசுக்குள்ளிருந்து மேனேஜர் நிவேந்திரனின் குரல் வந்தது. "எம் பொண்டாட்டியும் இன்னும் மேல் மாடி பாக்கலியாம்லா."