டோக்கன் போட்ட கிணறு

திருக்கோவிலூரில் இருக்கும் மச்சான் அரங்கநாதன் அவர்களுக்கு, வடக்கனந்தல் கண்ணாயிரம் வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் தங்கை கொளஞ்சியும் மாடு கன்றுகளும் சௌக்கியம். கரும்பு சௌக்கியமில்லை. தங்கள் வீட்டில் அமிர்தம் அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அருமை மருமகன், அதாவது என் மகன், பக்கத்தில் நின்று திருத்துகிறான்.

நீங்கள்தானே அன்றைக்கு என் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டு ஏப்பம் விட்டபடியே, "பையன கம்ப்யூட்டர் படிக்க வையிங்க, குடும்பம் தலையெடுத்துடும்" என்றீர்கள்? எடுத்துவிட்டது. பெங்களூரில் வேலை, அதையும் இப்போது வீட்டிலிருந்தே பார்க்கிறான். அப்படி இன்னாடா வேலை என்று வாயைக் கொடுத்தேன். ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ளே பல பொய்க் கம்ப்யூட்டர்களைக் குடிவைக்கிறார்களாம், பேர் விர்ச்சுவல் மெஷின். ஒவ்வொன்றும் தான்தான் வீட்டுக்காரன் என்று நினைத்துக்கொள்ளுமாம். ஒவ்வொன்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒரு மணியக்காரன், அவனிடம் சில பூட்டுகள். பூட்டைக் கையில் வாங்கின பிராசஸர் தன் வேலையை முடிக்கிறவரை மற்றதெல்லாம் வாசலில் சுற்றிச் சுற்றி வந்து "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கினே இருக்குமாம். கண் மூடித் திறப்பதற்குள் ஆகிவிடும் என்பதால் உட்காருவது கிடையாதாம். ஆனால் மேலே இருக்கிற பெரிய கம்ப்யூட்டருக்கு உள்ளே யார் கையில் பூட்டு இருக்கிறது என்று தெரியாதாம். பூட்டு வைத்திருப்பவனையே தூங்க வைத்துவிட்டு அடுத்த குடித்தனத்தைக் கவனிக்கப் போய்விடுமாம். அவன் பூட்டோடு தூங்க, மற்றவர்கள் சும்மா சுற்றிக் கரண்ட்டைத் தின்ன, மெஷின் ஆமையாக நகர, கம்பெனிக்காரன் கத்த, இதைச் சரிசெய்யத்தான் இவனுக்கு மாசச் சம்பளமாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடேய், இது நம்ம பங்குக் கிணறுடா!" என்றேன். அந்த நிமிஷத்தில்தான் மச்சான், சனியன் வீட்டுக்குள் கால் வைத்தது.

நம் கிணறு உங்களுக்குத் தெரியாததா? எனக்கு, பங்காளி கந்தசாமிக்கு, மேல்காட்டு ராணியம்மாளுக்கு என்று மூன்று பங்கு. மோட்டார் ஒன்று, சாவி ஒன்று. த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று அதை விடுகிறவர்களுக்கே தெரியாது. வந்ததும் முதலில் ஓடி வருகிறவர் சாவியை எடுத்துப் பாய்ச்சுவார். ராணியம்மாள் வீடு கிணற்றடியிலேயே இருப்பதால் அந்தம்மாளுக்குத் தண்ணீர் ஜாஸ்தி, எங்களுக்குக் கம்மி. சண்டை உண்டு, வசவு உண்டு. ஆனால் கரண்ட் இருந்து மோட்டார் நின்றதில்லை. உங்கள் மருமகனுக்கு இது அநியாயமாகப் பட்டுவிட்டது. கிளினிக்கில் கொடுப்பார்களே, அந்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் டோக்கனைக் கொண்டு வந்தான். "டோக்கன் யார் கையில இருக்குதோ அவங்கதான் சாவிய எடுக்கணும். பாய்ச்சி முடிச்சுட்டு அடுத்தவங்க கையில குடுக்கணும். கம்ப்யூட்டர்லயே இதாங்க நியாயமான பூட்டு" என்று பிரசங்கம் செய்தான். முதல் முறை கந்தசாமிக்கு. அவர் கை தட்டினார், தட்ட மாட்டாரா?

கரண்ட் வருகிற வழியாக இல்லை. கந்தசாமி டோக்கனை இடுப்பில் செருகிக்கொண்டு கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்குப் புளி விலை பேசப் போய்விட்டார். அவர் பஸ் மலை ஏறியிருக்காது, வந்ததய்யா கரண்ட்! ராணியம்மாள் ஓடி வந்தது, நான் ஓடினேன். சாவி ஆணியில் தொங்குகிறது. இருவரும் கிணற்றைச் சுற்றி வருகிறோம். "இன்னாங்கண்ணா இது அநியாயம்? கரண்ட்டு இருக்குது, சாவி தொங்கிக்கினு இருக்குது, நாம கோயில் சுத்துறமாரி சுத்திக்கினு இருக்கறோம்!" என்று அந்தம்மாள் என்னை வைகிறது. கந்தசாமிக்குப் போன் போட்டால் மலைமேல் சிக்னல் இல்லை. உங்கள் மருமகனோ, "யாரும் சாவியத் தொடக்கூடாது, வரிசை கெட்டுடும்" என்று காவல் நிற்கிறான். கரண்ட் போயிற்று. மறுநாளும் வந்தது, சும்மாவே போயிற்று. கரும்புத் தோகை சுருண்டுபோய் நிற்கிறது மச்சான். இப்போது தண்ணீர் விடாவிட்டால் வெட்டுக்குச் சக்கைதான் மிஞ்சும்.

"உன் கம்பெனில இப்படி ஆனா இன்னாடா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். லேப்டாப்பிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் சொல்கிறான்: "விர்ச்சுவல் மெஷின்ல டோக்கன் பூட்டு ஆகாதுப்பா. முறைக்காரன் தூங்கிட்டா அத்தன பேரும் மாட்டிக்குவாங்க. போன மாசம் நானேதான் அத எடுத்துப் போட்டேன்."

"அப்பறம் இங்க ஏன்டா வெச்ச?"

"நம்மளது நிஜக் கிணறாச்சேன்னு நெனச்சேம்பா."

மேலே ஒருத்தன் நினைத்தால் கரண்ட் விடுகிறான், நினைத்தால் பிடுங்குகிறான். இதுவாடா நிஜக் கிணறு என்று நான் கத்த, உங்கள் தங்கை வந்து, "புள்ளய வையாதீங்க, பாவம் எளச்சிப் போய்ட்டான்" என்கிறாள். கரும்பு இளைத்தது அவள் கண்ணில் படவில்லை. இப்போது அவன் புதுத் திட்டம் ஒன்று வைத்திருக்கிறான். யாரும் கிணற்றடியில் சுற்ற வேண்டாமாம், வீட்டில் படுத்துத் தூங்கலாமாம், பாய்ச்சி முடித்தவர் அடுத்தவரைப் போனில் எழுப்ப வேண்டுமாம். கந்தசாமிக்குப் போனே போகவில்லை என்பதுதானே இங்கே கேடு!

ஆகவே வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து சேருங்கள். பாகம் பிரித்தபோது மத்தியஸ்தம் பேசியவர் நீங்கள், உங்கள் பேச்சைக் கந்தசாமியும் ராணியம்மாளும் தட்ட மாட்டார்கள். டோக்கனைக் கிணற்றிலேயே போடச் சொல்லுங்கள். ஓடி வந்தவன் பாய்ச்சட்டும், பழையபடி அடித்துக்கொள்கிறோம்.

தங்கள் கொல்லையில் கரண்ட்டும் தண்ணீரும் ஒரே நேரத்தில் வர வேண்டிக்கொள்ளும்,
கண்ணாயிரம்.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை வர வேண்டாம். கந்தசாமி புளி மூட்டையோடு வந்திறங்கி, காலையில் பாய்ச்சி முடித்து, கரண்ட் போனதும் டோக்கனை என் கையில் கொடுத்துவிட்டார். இதைத் தபாலில் போடக் கச்சிராயபாளையம் வந்த இடத்தில் ராணியம்மாள் போன்: போன கரண்ட் திரும்ப வந்துவிட்டதாம், அந்தம்மாள் கிணற்றடியில் நிற்கிறதாம், ஒரு மடை மட்டும் பாய்ச்சிக்கொள்ளட்டுமா என்று கெஞ்சுகிறது. டோக்கன் என் சட்டைப் பையில் இருக்கிறது. இது இல்லாவிட்டால் இந்நேரம் மேல்காடு முழுக்க நனைந்திருக்கும், என் கரும்புக்குச் சொட்டு மிஞ்சாது. "யாரும் சாவியத் தொடக்கூடாதும்மா, வரிசை கெட்டுடும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மருமகன் கெட்டிக்காரன்தான் மச்சான், உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். டீ ஒன்று சொல்லியிருக்கிறேன். டவுன் பஸ்ஸைத்தான் இன்னும் காணோம்.