நாள்காட்டியில் துடைத்த அடுப்பு

இர்மாவின் வண்டி தெருமுனை திரும்பி மறைந்ததுதான் தாமதம், கூடத்தில் வீட்டைச் சூடாக்க எரிந்துகொண்டிருந்த பெல்லட் அடுப்பு புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டு அணைந்தது.

நோல்பெர்த்தோ ஒயார்சோ கையிலிருந்த மாத்தே தேநீர்க் குடுவையைக் கீழே வைத்தார். அடுப்பின் சின்னத் திரையில் ‘இறுதிச் சுத்தம்’ என்று எழுத்துகள் மின்னின. அடுப்பைப் போடுவதும் நிறுத்துவதும் மனைவி இர்மாவின் இலாகா. துடைப்பது மட்டுமே அவருடையது. அதனால் இந்த எழுத்தை அவர் இதுவரை பார்த்ததே இல்லை.

“என்ன, மிரட்டிப் பாக்கறியா?” என்று அடுப்பைக் கேட்டார்.

அது குளிர ஆரம்பித்தது. வெளியே மைனஸ் ஒன்பது; உலகின் தென்கோடியில் இருக்கும் அந்த ஊருக்கு ஜூலைதான் நடுக்குளிர்காலம்.

வேறொரு நாளாக இருந்தால் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருப்பார். இன்றைக்கு அது நடக்காது. மகள் யாஸ்னா, மாப்பிள்ளை யெர்கோ, பிறந்து இரண்டே மாதமான பேத்தி அம்பாரோ மூவரும் மூன்று மணி விமானத்தில் இறங்குகிறார்கள். அவர்களை அழைத்துவரத்தான் இர்மா போயிருக்கிறாள். ஐந்து மணிக்கு வாசலில் நிற்பார்கள். பேத்தியை ஒயார்சோ இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார்.

நேற்று யாஸ்னா கறாராகச் சொல்லிவிட்டாள். “அப்பா, இருபது டிகிரிக்குக் கீழ இருக்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எந்த வீடு கதகதன்னு இருக்கோ, நாளைக்குப் பாப்பா அங்கதான் தூங்கும். எனக்கு ரெண்டு வீடும் ஒண்ணுதான்.”

அவளுக்கு ஒன்றுதான். ஒயார்சோவுக்கு எப்படி ஒன்றாகும்? இன்னொரு வீடு சம்பந்தி கிளோதோமீரோ பார்ரியாவின் வீடு. அதுவும் எங்கோ இல்லை, பக்கத்துச் சுவர்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அந்தச் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தே காதலித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். ஊரில் விறகுப் புகை தாங்க முடியவில்லை என்று மூன்று வருஷம் முன்பு அரசாங்கம் பழைய விறகடுப்புகளைப் பிடுங்கிக்கொண்டு பெல்லட் அடுப்பு கொடுத்தபோதும், இரண்டு வீட்டுக்கும் ஒரே லாரியில், ஒரே அச்சில் வார்த்ததுபோல் இரட்டை அடுப்புகளும் ரிமோட்டுகளும் வந்து இறங்கின. அன்றிலிருந்து யார் வீட்டு அடுப்பு உசத்தி என்பதே இரு சம்பந்திகளுக்கும் பேச்சு.

ஒயார்சோ முப்பத்தைந்து வருஷம் விறகு லாரி ஓட்டியவர். நெருப்பைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. விறகடுப்பில் சாம்பலை வழித்துத் துடைப்பவன் முட்டாள். அடியில் நான்கு விரல்கடை சாம்பல் மெத்தையாகக் கிடந்தால்தான் கங்கு விடியும்வரை உயிரோடிருக்கும். அது அவருடைய அப்பா வீட்டிலும் அப்படித்தான், இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். மரத்தூளை அழுத்தி மாத்திரை மாதிரிச் செய்த பெல்லட்டுக்கு மட்டும் வேறு நியாயமா?

இர்மாவிடம் அதெல்லாம் எடுபடவில்லை. அவள் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள்: ‘நெருப்புக் கிண்ணம் தினமும். சாம்பல் தட்டு வாரம் ஒருமுறை. உள்பக்கம் மாதம் ஒருமுறை. புகைக்குழாய் வருஷம் ஒருமுறை.’ பக்கத்தில் ஒரு நாள்காட்டி, நூலில் கட்டிய பென்சில்.

“ஏய்யா, துடைச்சா மட்டும் டிக் போடு, தெரிஞ்சுதா?”

தெரிந்தது. அவர் தினமும் டிக் போட்டார். பிறகு, தினமும் எழுந்து போய் டிக் போடுவதும் ஒரு வேலையா என்று சலித்துக்கொண்டு, ஜூலை ஒன்றாம் தேதியே உட்கார்ந்து முப்பத்தொன்றுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார். இன்றைக்குத் தேதி பதினொன்று.

ஊரில் அடுப்பு ரிப்பேர் தெரிந்தவன் ஒருவன் உண்டு. ஆனால் அவன் இர்மாவின் சித்தப்பா மகன். அவனைக் கூப்பிடுவதும் இர்மாவையே கூப்பிடுவதும் ஒன்று.

“பாத்துக்கலாம்” என்று ஒயார்சோ கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

கதவைத் திறந்தார். நெருப்புக் கிண்ணத்தின் ஓட்டைகள் எல்லாம் அடைத்துப்போய், சாம்பல் இறுகிப் பாளம் கட்டிக் கிடந்தது. சமையலறையிலிருந்து இர்மாவின் கேக் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்து குத்தினார். கத்தி வளைந்தது. மறுபடி குத்தினார். பாளம் பெயர்ந்து எகிறி, நேற்றுத்தான் துவைத்து விரித்த கம்பளத்தில் விழுந்து பொடியாகியது.

ஒரு பெரிய வேலைக்காரனுக்கு இதெல்லாம் தூசு. வேக்குவம் கிளீனரை எடுத்தார், கம்பளத்தை உறிஞ்சினார், அந்தச் சூட்டோடு கிண்ணத்தையும் உறிஞ்சினார். கிண்ணத்தின் அடியில் கங்கு இன்னும் கண் மூடவில்லை என்பது, மெஷினின் பின்பக்கத்திலிருந்து புகை வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

“ஐயோ, ஐயையோ!”

வயரோடு பிடுங்கி, கதவைத் திறந்து, பனியில் வீசினார். மெஷின் ஸ்ஸ்ஸ் என்று அழுது அடங்கியது.

“என்ன சம்பந்தி, பனியை உறிஞ்சிச் சுத்தம் பண்றீங்களா?”

வேலிப்பக்கம் கிளோதோமீரோ நின்றிருந்தார். தலையில் கம்பளித் தொப்பி, ஒரு கையில் மாத்தே, இன்னொரு கை கோட்டுப் பைக்குள்.

“காத்தாட வச்சிருக்கேன்” என்றார் ஒயார்சோ.

“வைங்க, வைங்க. எங்க வீட்டுல தொட்டில் போட்டாச்சு. சும்மா தகவலுக்குச் சொல்றேன்.”

ஒயார்சோ கதவை அறைந்து சாத்தினார். கிண்ணத்தை மாட்டினார், மேலே இருந்த பொத்தானை அழுத்தினார். பத்து நிமிஷத்தில் பெல்லட் கடகடவென்று விழுந்து, நெருப்பு பிடித்தது. அவர் ஒரு விரலை உயர்த்தி அடுப்பை எச்சரித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

நான்கு நிமிஷம். புஸ். ‘இறுதிச் சுத்தம்.’

“நான் துடைச்சேனே!” என்று கத்தினார். துடைத்தேன் என்று அவர் உண்மையாகச் சொன்னது அந்த வருஷத்தில் அதுவே முதல் முறை. அடுப்பு அதை மதிக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே கிளோதோமீரோவின் தொப்பி தெரிந்தது. கண்ணாடியைத் தட்டினார். “சாம்பல் தட்டு ரொம்பியிருக்கும், சம்பந்தி. வாரா வாரம் கொட்டறதுதானே?”

“வாரா வாரமா? நான் தினமும் கொட்டறவன்!”

தினமும் கொட்டுகிறவர் தட்டை இழுத்தார். அது வரவில்லை. காலை அடுப்பில் முட்டுக்கொடுத்து இழுத்தார். தட்டு வந்தது, ஒயார்சோவும் வந்தார், இரண்டு பேரும் சேர்ந்து சோபா வரைக்கும் போனார்கள். அறை முழுக்கச் சாம்பல் மேகம். இருமிக்கொண்டே முன்கதவையும் பின்கதவையும் திறந்துவிட்டார். காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும்போது, கூடத்துச் சாம்பலில் பாதியைப் படுக்கையறைக்கு எடுத்துப்போய் வைத்தது. பாப்பாவுக்காக இர்மா விரித்துவைத்திருந்த வெள்ளை விரிப்பும் தப்பவில்லை. சுவரில் வெப்பமானி பதினொன்று என்றது.

மணி இரண்டே முக்கால். இப்படியே போனால் இன்றிரவு அம்பாரோ அந்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குவாள். அவர் இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு படுத்திருப்பார். நினைக்கும்போதே கண் கலங்கியது. சாம்பலும் ஒரு காரணம்.

மறுபடி பொத்தான். மறுபடி நெருப்பு. இந்தத் தடவை ஆறு நிமிஷம் எரிந்தது. அவர் சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினார், நெற்றிக்குப் போவதற்குள் புஸ்.

“உள்பக்கத் தகட்டைக் கழட்டிப் பாத்தீங்களா?” என்றது ஜன்னல்.

“நீங்க உங்க வீட்டைப் பாத்துக்கிட்டுப் போங்க, சம்பந்தி! குளிர்ல எதுக்கு நிக்கறீங்க?”

“காத்து வாங்கறேன்.”

மைனஸ் ஒன்பதில் காற்று வாங்குகிறாராம்! என் தோல்வியைக் கண்ணால் பார்க்காமல் போகமாட்டான் இந்த மனுஷன் என்று ஒயார்சோ பல்லைக் கடித்தார். ரோஷம் வந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. திருகாணிகளைக் கழற்றினார், தகட்டை எடுத்தார். பின்னால் மூன்று குளிர்காலம் குடியிருந்தது. சுரண்டினார். பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். யாருடைய பிரஷ் என்று பார்க்கவில்லை. பழைய சட்டையைக் கம்பியில் சுற்றி இண்டு இடுக்கெல்லாம் துழாவினார். கறி வாட்டும் கம்பிக்குக்கூட அவர் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

மாட்டினார், பொத்தானை அழுத்தினார். எரிந்தது. ஐந்து நிமிஷத்தில் போயே போய்விட்டது.

மணி மூன்றே முக்கால். வெப்பமானி எட்டு. சுவரில் இர்மாவின் தாளில் ஒரே ஒரு வரி மிச்சமிருந்தது.

புகைக்குழாயின் அடியில் ஒரு மூடி உண்டு. அதைத் திறந்தால் குழாயின் கரியெல்லாம் கீழே இறங்கும் என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு இறங்கும் என்றுதான் தெரியாது. ஆட்டுக்கறி வேகவைக்கும் பெரிய பானையை அடியில் வைத்து, குனிந்து, மூடியைத் திருகினார்.

ஒன்றும் விழவில்லை. “இவ்வளவுதானா?” என்று தலையை நீட்டி உள்ளே பார்த்து, குழாயை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

மூன்று வருஷமும் ஒன்றாக வந்தது. பானை நிறைந்தது, பானையைச் சுற்றித் தரை நிறைந்தது, மீதியெல்லாம் ஒயார்சோவின் மேல். ஏற்கெனவே சாம்பலில் வெளுத்திருந்தவர் இப்போது பாதி கறுத்து நிமிர்ந்தார். ஜன்னலில் தொப்பி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

“சிரிங்க சம்பந்தி, நல்லாச் சிரிங்க! இது எரியலேன்னா என் பேரை மாத்தி வைங்க!”

கம்பியை விட்டுக் குழாயைக் குடைந்தார், துடைத்தார், மூடியை இறுக்கினார், கண்ணாடியை ஈரக் காகிதத்தால் பளபளவென்று தேய்த்தார். பொத்தான்மேல் விரலை வைத்து, “இந்தா பாரு, என் பேத்தி வர்றா. என்னை அசிங்கப்படுத்தாதே” என்று கெஞ்சி, அழுத்தினார்.

நெருப்பு எழுந்தது. நான்கு நிமிஷம் ஆனது. ஆறு. பத்து. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பதினைந்தாவது நிமிஷத்தில் விட்டார். மூன்று வருஷமாக மஞ்சளாகச் சோம்பிக் கிடந்த நெருப்பு, இப்போது வெள்ளையாக, விறைப்பாக, உறுமிக்கொண்டு எரிந்தது. கண்ணாடியில் ஒரு பொட்டுக் கரி இல்லை. இது அடுப்பு! இதுவல்லவா அடுப்பு!

பிறகு நடந்ததை ஊரே கூடிப் பார்த்திருக்க வேண்டும். ஒயார்சோ கம்பளத்தை வெளியே எறிந்தார், தரையைப் பெருக்கினார், மூன்று வாளித் தண்ணீரில் கழுவினார், விரிப்பை மாற்றினார், வளைந்த கத்தியை முழங்காலில் வைத்து நிமிர்த்தினார், குளித்தார், தலை சீவினார், கல்யாணச் சட்டையைப் போட்டார். ஐந்து மணிக்கு வாசலில் வண்டி நின்றபோது வெப்பமானி இருபத்திமூன்று.

யாஸ்னா உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றினாள், சால்வையைக் கழற்றினாள். “அப்பா, என்னப்பா இது, அப்பம் சுடற மாதிரி இருக்கு! யெர்கோ, பெட்டியை இங்கேயே எடுத்துட்டு வா.”

இங்கேயே! ஒயார்சோவுக்குக் காதில் மணியடித்தது. அவள் பாப்பாவை அவர் கையில் வைத்தாள். அம்பாரோ அவரைப் பார்த்தது, ஒரு கொட்டாவி விட்டது, கல்யாணச் சட்டையில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனது. அவர் அழுதார். இந்தத் தடவை சாம்பல் காரணமில்லை.

இர்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பின் முன்னால் குந்தினாள். கண்ணாடியைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், தட்டை ஒரு விரலால் இழுத்தாள், அது வெண்ணெய் மாதிரி வந்தது.

“இவ்வளவு சுத்தமா இதை நான் பாத்ததே இல்லையே!”

“தினமும் துடைச்சா அப்படித்தான் இருக்கும்” என்றார் ஒயார்சோ, பேத்தி விழித்துவிடாத குரலில். “ஒரு நாள் விடாம. சிலரு இருக்காங்க, பேச்சுதான், கையில வேலை கிடையாது.”

அந்தச் சிலர் அப்போதுதான் வாசலில் தும்மிக்கொண்டு வந்து நின்றார். மூக்கு சிவந்து, தொப்பியில் பனி உறைந்திருந்தது. கிளோதோமீரோ அடுப்பைப் பார்த்தார், தூங்கும் பேத்தியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

“தோத்துட்டேன் சம்பந்தி. உங்க அடுப்பு ராஜா.”

ஒயார்சோவுக்கு இதற்குமேல் இந்தப் பிறவியில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பெருந்தன்மையோடு நாற்காலியைக் காட்டினார். “உக்காருங்க சம்பந்தி. குளிர் காயுங்க. உங்களுக்கும் எப்படித் துடைக்கணும்னு சொல்லித் தர்றேன்.”

அப்போது சம்பந்தியம்மா சுனில்தா, கையில் ஆப்பிள் கேக்கோடு, செருப்பிலிருந்த பனியை உதறிக்கொண்டே உள்ளே நுழைந்து, நேராக இர்மாவிடம் போனாள்.

“என்ன இர்மா, நீ சொன்ன நாலு இடத்தையும் உன் வீட்டுக்காரரு துடைச்சு முடிச்சாச்சுல்ல? அப்ப எங்க வீட்டு ரிமோட்டை இவரு பையிலேருந்து எடுத்துக்கறேன், மத்தியானத்துலேருந்து ஜன்னல் வழியா உங்க அடுப்பை அணைச்சுக்கிட்டே நின்னுட்டாரு, நான் எங்க அடுப்பைப் பத்த வைக்கணும், நீ பேசின கூலிப்படி நாளையிலேருந்து ஒரு வாரம் பாப்பா எங்க வீட்டுலதானே!”