மீசை வளர்க்கும் பதவி

முன்னாள் ராணுவத்தினரை மதிக்கும் விஷயத்தில் தேனிக்கு இணையான ஊர் இந்தத் துணைக்கண்டத்திலேயே கிடையாது. 'வீரர் கௌரவிப்புக் குழு'வின் செயலாளர் என்ற முறையில் இதைப் பொறுப்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

விஜயபாண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழு ஆண்டுகள் ராணுவ மருத்துவமனைகளில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். மனைவி ஹேமாவதி இங்கே அங்கன்வாடி ஆசிரியை. இனியாவது ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த வேண்டும் என்பது அவர்களின் ஆசை. கொஞ்சம் சுயநலமான ஆசைதான்.

எங்கள் குழுத் தலைவர் ஜாஸ்பருக்குச் சொந்தமாக மருத்துவமனை இருக்கிறது. நானே அழைத்துப் போனேன்.

"ஊசி போடுவேன், தையல் போடுவேன், ஐ.சி.யூ.வும் பாத்திருக்கேன் சார்" என்றார் விஜயபாண்டி.

"அதுக்கெல்லாம் ஆள் இருக்காக. எல்லையைக் காத்தவரை வார்டுக்குள்ள அடைக்கலாமா? கேட்ல நில்லுங்க. மீசைக்கே ஒரு கம்பீரம் வந்துரும்."

"எனக்கு மீசையே கிடையாதே சார்."

"வளத்துக்கலாம். அவசரமில்லை."

மறுநாளே நீலச் சீருடையும் விசிலும் 'வழங்கப்பட்டன'. வேறு இரண்டு மருத்துவமனைகளிலும் கேட்டுப் பார்த்தார். அங்கேயும் இதே மரியாதை. ஒன்றில் கேட் கொஞ்சம் பெரிது.

ஹேமாவதி என்னிடம் வந்தார். "அண்ணே, பட்டாளத்துல இவுக துப்பாக்கி பிடிச்சதைவிட நாடி பிடிச்சதுதான் அதிகம். நீங்களாச்சும் எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேம்மா. அதான் ஆம்புலன்ஸ் வந்தா கேட்டைத் திறக்குற பொறுப்பையும் சேத்துக் குடுத்திருக்காக."

வீரபாண்டித் திருவிழாவுக்கு இருவரும் சேர்ந்து போவதாக இருந்தது. அன்று மருத்துவமனை வாசலில் வண்டிகள் குவிந்ததால், தேச நலன் கருதி விடுப்பு மறுக்கப்பட்டது.

இந்த நேரத்தில்தான் குவைத்திலிருந்து ஓர் எண்ணெய்க் கம்பெனி வீடியோவில் நேர்காணல் நடத்தியது. மரியாதை தெரியாதவர்கள். கம்பீரத்தைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல், ஊசி போடத் தெரியுமா என்று கேட்டு, மருத்துவ உதவியாளர் வேலையைக் கொடுத்துவிட்டார்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தம். குடும்பத்துக்கு விசா இல்லை.

நாங்கள் சும்மா விடுவோமா? வழியனுப்பு விழா எடுத்தோம். சால்வை போர்த்தினோம். "நாட்டைக் காத்தவர் உலகைக் காக்கப் புறப்பட்டுவிட்டார்" என்று ஜாஸ்பர் தழுதழுத்தார். பிறகு ஹேமாவதியிடம் மைக்கைக் கொடுத்தோம்.

"எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் பதினேழு வருசமா எம்புட்டோ பாத்தான். இவுகளை என்கிட்ட இருந்து பிரிக்க முடியலை. நீங்க ஒரே வருசத்துல, ஒரு தோட்டாகூடச் செலவழிக்காம பிரிச்சுட்டீக."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. கூட்டக் குறிப்பில் அதை 'நன்றியுரை' என்று பதிவு செய்தேன்.