பத்து நிமிஷமும் ஒரு ஸ்டூலும்

மலேசியாவிலேயே மின்சாரத்தைத் துளிகூட நம்பாத வயர்மேன் ஒரே ஒருவர்தான். அவரும் ஷா ஆலமில் எங்கள் தொழிற்சாலைக்கே வந்து சேர்ந்தார். அவருடைய உண்மைப் பெயர் பஞ்ச் கார்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் ‘பத்து நிமிஷம்’.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் பெட்டிகள் வந்து இறங்கின. பொருத்துவது அவர் வேலை. எர்த் வயரை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். மெயின் சுவிட்சை அணைத்து, சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியை அரைஞாணில் முடிந்துகொள்வார். ஒருமுறை அப்படியே பிரிக்பீல்ட்ஸில் உள்ள தன் அறைக்குப் போய்விட்டார். மறுநாள் காலைவரை மூன்று மெஷின்களுக்கு விடுமுறை.

பெரிய கூத்து அதற்குப் பிறகுதான். மூடியைத் திறக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார்.

“ஆஃப் பண்ணியாச்சே அண்ணே, தொறங்க லா!” என்பார்கள் ஆபரேட்டர்கள்.

“உள்ள கெப்பாசிட்டர்ல கரண்ட் இன்னும் இருக்கு. பத்து நிமிஷம் போகட்டும். பக்கத்துல ஒரு ஆளும் வேணும்.”

அந்த ஆள், ஸ்டோர் கிளார்க்கான நான். நேற்று வைத்த ரசம், ஜன்னலுக்கு வரும் மைனா என்று பேசிக்கொண்டே இருப்பார். மைனாவுக்கு அவர்மேல் கோபமாம். மனைவி இறந்தபின், வேலை முடிந்தால் மறுநாள் காலைவரை அவருக்குப் பேச ஆளில்லை. பத்து நிமிஷம் ஆனதும் கதையைப் பாதியில் விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே ஸ்குரூ டிரைவரைத் தொடுவார்.

அவர் லீவில் இருந்த ஒருநாள், சூப்பர்வைசர் இரண்டாவது நிமிடத்திலேயே மூடியைத் திறந்து கைவைத்தார். டமார்! ஸ்குரூ டிரைவரின் நுனி உருகியது. மனிதர் மூடியைத் திருப்பி மாட்டிவிட்டு, ‘பத்து நிமிஷம்’ எப்போது லீவு முடிந்து வருவார் என்று கேட்டார்.

அப்புறம் புது மேனேஜர் வந்தார், கையில் ஸ்டாப்வாட்ச்சோடு.

“எதுக்குப் பத்து? மேனுவல்ல கம்மியா இருந்தா அதுவே போதும். கதை கேக்க இன்னொரு ஆளும் வேணாம். பாத்துச் சொல்லுங்க.”

மேனுவல்கள் என் அலமாரியில் இருந்தன. ‘பத்து நிமிஷம்’ அண்ணன் கதவோரம் நின்று சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தைப் புரட்டினேன்.

“பத்துதான் சார். பக்கத்துல ஒரு ஆள் கட்டாயம்னு போட்டிருக்கு.”

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே போனார். கதவோரம் நின்ற அண்ணன் மெதுவாக உள்ளே வந்தார்.

“தம்பி, அதுல அஞ்சுதானே போட்டிருக்கு?”

“ஆமாண்ணே. அந்த மைனாவுக்கு என்ன கோபம்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லையே?”

என் அறையிலும் பேச ஆளில்லை என்பதை அவரிடம் நான் சொன்னதேயில்லை. இன்றும் எந்த சுவிட்சை அணைத்தாலும், பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிறேன்.